லென்ஹமும் ஐயாயிரம் வீடுகளும்

இங்கிலாந்தின் கென்ட் கவுன்ட்டியில், மெய்ட்ஸ்டோனுக்கும் ஆஷ்ஃபோர்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது லென்ஹம். லண்டன் பக்கமிருந்து டோவர் துறைமுகத்துக்குப் போகும் எம்20 மோட்டார்வேயில் போனவர்கள் எல்லோரும் இந்த ஊரின் தெற்குப் பக்கத்தைக் கடந்துதான் போயிருப்பார்கள். ஆனால் இங்கே இறங்க வழி கிடையாது. 8ஆம் எண் சந்திப்பைத் தவறவிட்டால் அடுத்தது ஆஷ்ஃபோர்டில் இருக்கும் 9ஆம் எண்தான். அதே ஓரமாக 2003இலிருந்து அதிவேக ரயில் பாதையும் ஓடுகிறது. பாரிஸ் ரயில் நம் வயல்களைத் தாண்டச் சில நொடிகள் போதும். அதுவும் இங்கே நிற்காது. நிற்பது 1884இல் வந்த பழைய மெய்ட்ஸ்டோன் பாதையின் ரயில் மட்டும்தான்.

ஆக, பெரிய சாலையும் பெரிய ரயிலும் ஊரைத் தொட்டும் தொடாமலும் போகின்றன. சத்தம் நமக்கு, பயணம் வேறு யாருக்கோ. இப்போது அந்தச் சாலைக்கும் ஊருக்கும் இடையே இருக்கும் வயல்வெளியில் ஐயாயிரம் வீடுகள் கட்டப்போகிறார்கள். ஹீத்லேண்ட்ஸ் என்பது திட்டத்தின் பெயர். எங்கள் வட்டார உள்ளாட்சி மன்றமான மெய்ட்ஸ்டோன் பரோ கவுன்சில் 2024 மார்ச்சில் ஏற்றுக்கொண்ட வளர்ச்சித் திட்டத்தில் அது இடம்பெற்றுவிட்டது. மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊருக்குப் பக்கத்தில் ஐயாயிரம் வீடு என்றால் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீடே கட்டக் கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. வெளியிலிருந்து வந்து இங்கே குடியேறியவன் நான். அப்படிச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. இந்த ஊர் எதனால் ஊராக நிற்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்குச் சதுக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

லென்ஹமின் நடுவில் ஒரு சதுக்கம். சுற்றிலும் பழைய வீடுகள், பப், மருந்துக்கடை, டீக்கடை. ஒரு மூலையில் செயின்ட் மேரி தேவாலயம். மற்ற நாட்களில் கார்கள் நிறைந்து கிடக்கும் இடம்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு சந்தை கூடும்போது பார்க்க வேண்டும். ஆப்பிள் கூடைகளுக்குப் பக்கத்தில் பாலாடைக்கட்டி, ஊறுகாய்ப் புட்டிகள், நாட்டுக்கோழி முட்டை, அப்போதுதான் சுட்ட ரொட்டி. வாங்குவதை விடப் பேசுவதுதான் அதிகம் நடக்கும். யாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, எந்தச் சாலையை எப்போது மூடுகிறார்கள், யார் வீடு விலைக்கு வந்திருக்கிறது என்பதெல்லாம் முட்டைக்காரரிடம் நின்றால் தெரிந்துவிடும். நான் குடிவந்த புதிதில் ஊரைத் தெரிந்துகொண்டது அவரிடம்தான். மழை பெய்தாலும் அவர் கடை போடாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

சதுக்கத்து வீடுகளின் முகங்களை நம்பிவிடக் கூடாது. பல வீடுகளுக்கு முன்பக்கம் செங்கல் சுவர், வரிசையான பெரிய சன்னல்கள் என்று 18ஆம் நூற்றாண்டுக் களை இருக்கும். உள்ளே போனால் அதைவிடப் பல தலைமுறை பழைய ஓக் மரச் சட்டகம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாடிப்படிக்குப் பக்கத்துத் தூணில் உளியால் வெட்டிய சின்னச் சின்னக் கோடுகள் இருக்கின்றன. எந்த உத்தரம் எந்தத் தூணில் உட்கார வேண்டும் என்று தச்சர்கள் போட்ட அடையாளம். மரத்தைப் பட்டறையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, பிரித்து எடுத்துவந்து, இங்கே மறுபடி பூட்டியிருக்கிறார்கள். விரலால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு கோடும் அழுத்தமாக இருக்கிறது. பிறகு செங்கல் நாகரிகம் வந்தபோது வீட்டை இடிக்காமல் முன்னால் ஒரு புதுச் சுவரை எழுப்பிக்கொண்டார்கள். இன்று அந்த வீட்டில் ஒரு சன்னலை மாற்ற வேண்டும் என்றாலும் கவுன்சிலின் அனுமதி வாங்க வேண்டும், ஏனென்றால் அது பாதுகாக்க வேண்டியது என்று பட்டியலிட்ட கட்டடம். வீட்டுக்காரருக்கு அது பெரிய தலைவலி, செலவும்தான். ஆனாலும் அந்த விதி வேண்டும் என்பவன் நான்.

சந்தைக் கிராமம் என்பது இங்கிலாந்தில் சும்மா சொல்லிக்கொள்ளும் பெயர் கிடையாது. இடைக்காலத்தில் சந்தை கூட்டுவதற்கு உரிமை வேண்டும். அரசர் கொடுக்க வேண்டும், அல்லது நெடுநாள் வழக்கமாக இருந்து வந்திருக்க வேண்டும். பக்கத்து ஊர்ச் சந்தைக்கு இடைஞ்சலாகப் புதுச் சந்தை தொடங்கினால் வழக்குப் போடலாம். எவ்வளவு தூரம் இருந்தால் இடைஞ்சல் இல்லை? 13ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் ஹென்றி டி பிராக்டன் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். மனிதன் ஒரு நாளில் நடக்கக்கூடியது 20 மைல். அதை மூன்றாகப் பிரித்துக்கொள். காலையில் ஒரு பங்கு போவதற்கு, நடுவில் ஒரு பங்கு வாங்கவும் விற்கவும், கடைசிப் பங்கு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவதற்கு. ஆகவே ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவு, சரியாகச் சொன்னால் ஆறும் மூன்றில் இரண்டும். ஏறக்குறைய 11 கிலோமீட்டர். நடைமுறையில் எல்லா இடத்திலும் இப்படி அளந்து வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஊரின் அளவை மனிதனின் காலும் பகல் வெளிச்சமும் தீர்மானித்திருக்கின்றன. லென்ஹமின் நடுவே அத்தனை பெரிய வெற்றிடத்தை விட்டுவைத்ததற்குக் காரணமே சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் ஆடுமாடுகளோடு நடந்து வந்து நிற்க வேண்டும் என்பதுதான்.

இந்த ஊர் வளராமல் அப்படியே இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சதுக்கத்தில் மருந்துக்கடை இருக்கும் பழைய கட்டடத்தில் 1946இல் வேலை செய்தபோது அடியில் மூன்று சாக்சன் வீரர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன, 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1086இல் நாடு முழுக்க எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கில் லென்ஹம் இருக்கிறது. அப்போது கேன்டர்பரியின் செயின்ட் அகஸ்டின் மடத்துக்குச் சொந்தம். தேவாலயத்துக்குள் 1642ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ராபர்ட் தாம்சன் என்பவருக்காக வைத்தது, ஆனால் அதில் பெரிதாகப் பேசப்படுவது அவருடைய பாட்டி மேரி ஹனிவுட். 1620இல் அந்த அம்மா இறந்தபோது அவர் வழியில் வந்தவர்கள் மொத்தம் 367 பேர்: பெற்ற பிள்ளைகள் 16, பேரப் பிள்ளைகள் 114, கொள்ளுப் பேரப் பிள்ளைகள் 228, அதற்கும் அடுத்த தலைமுறையில் 9. குடும்பத்தார் அதைப் பெருமையாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆள் பெருகுவதை இந்த ஊர் கெட்ட செய்தியாக எப்போதும் நினைத்ததில்லை என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

பிறகு ரயில் வந்தது, ஸ்டேஷன் பக்கமாக வீடுகள் முளைத்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கவுன்சில் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள் வந்தன. அப்புறம் தனியார் குடியிருப்புகள். அப்படி வந்த ஒன்றில்தான் என் வீடு. பக்கத்து வீட்டு அம்மா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நீங்க இருக்கிற இடம் அப்போ ஆடு மேய்ஞ்ச நிலம். வீடு கட்டக் கூடாதுன்னு எங்கப்பாவே கையெழுத்துப் போட்டவர்தான்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம் உங்க வரிசையில இருந்தவங்களோடதான் தினமும் பப்புக்குப் போனார்" என்றும் சொன்னார். அவருடைய அப்பா மனம் மாறியதற்குக் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எங்கள் வரிசையிலிருந்து சதுக்கத்துக்கு நடந்து போகலாம். அதனால் வந்தவர்கள் கண்ணில் பட்டார்கள், பேசினார்கள், தேவாலய மணி அடிக்கவும் கிரிக்கெட் ஆடவும் சேர்ந்தார்கள்.

புதிதாக வருபவர்களைச் சேர்த்துக்கொள்ளும் அந்த வழக்கம் இன்னும் செத்துப்போகவில்லை என்பதற்கு 2021இல் நிறைவேறிய ஊர்த் திட்டம் சான்று. இங்கிலாந்தில் 2011இல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின்படி, ஒரு பாரிஷ் கவுன்சில், அதாவது ஏறத்தாழ நம் ஊராட்சி போன்றது, தன் எல்லைக்குள் எங்கே கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்று தானே ஒரு திட்டம் எழுதலாம். அதைத் தேர்வாளர் ஒருவர் சரிபார்த்து, ஊரார் வாக்களித்து ஏற்றால் அதற்குச் சட்ட மதிப்பு உண்டு. அப்படித் திட்டம் வைத்திருக்கும் ஊருக்குக் கட்டுநர்கள் செலுத்தும் உள்கட்டமைப்பு வரியில் 25 சதவீதம் வந்து சேரும். திட்டம் இல்லாவிட்டால் 15 சதவீதம். லென்ஹமுக்குச் சுமார் 1000 வீடுகள் என்று மேலிருந்து முடிவு வந்தபோது, ஊரார் முடியவே முடியாது என்று கதவைச் சாத்தவில்லை. எந்தெந்த வயலில் வைப்பது என்று உட்கார்ந்து பேசினார்கள். வடக்கே போக முடியாது. அங்கே நார்த் டவுன்ஸ் குன்றுகள், 1968இலிருந்து பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதி. முதல் உலகப் போரில் மாண்ட ஊர்க்காரர்களுக்காக 1922இல் சுண்ணாம்புச் சரிவில் வெட்டிய பெரிய வெள்ளைச் சிலுவையும் அந்தப் பக்கம்தான். எனவே கிழக்கும் மேற்கும் தெற்கும். தங்கள் சன்னலுக்கு எதிரேயே வீடு வரும் என்று தெரிந்தும் அந்தத் திட்டத்துக்காக வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். மாலை வேளைகளில் கூட்ட அரங்கில் வரைபடத்தைச் சுற்றி நின்று வாதாடிய அவர்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஊரின் அளவைப் பாதிக்கு மேல் கூட்டிக்கொள்ள ஒப்புக்கொள்வது சின்ன விஷயமா?

இதற்கு நடுவில் தண்ணீர் குறுக்கே வந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரைப் பற்றிப் பேசுபவர்கள் சாலையைப் பேசுகிறார்கள், பள்ளியைப் பேசுகிறார்கள், காலடியில் இருக்கும் நீரை விட்டுவிடுகிறார்கள்.

லென்ஹம் ஒரு நீர்பிரி மேடு. ஊரை ஒட்டி இரண்டு ஆறுகள் பிறக்கின்றன, ஒன்றுக்கொன்று ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. லென் ஆறு மேற்கே போகிறது. லீட்ஸ் கோட்டையைச் சுற்றியிருக்கும் நீரை நிரப்பிவிட்டு மெய்ட்ஸ்டோனில் மெட்வே ஆற்றில் கலக்கிறது. கிரேட் ஸ்டவர் எதிர்ப்பக்கம் திரும்பி, ஆஷ்ஃபோர்டையும் கேன்டர்பரியையும் கடந்து பெக்வெல் வளைகுடாவில் கடலைச் சேர்கிறது. கேன்டர்பரியில் சுற்றுலாப் பயணிகள் படகில் போகிறார்களே, அந்த ஆறுதான். இங்கே அதன் தொடக்கத்தைப் பார்த்தால் ஆறு என்று சொல்ல மனம் வராது. புதர்களுக்கு நடுவில் ஈரமாக ஒரு பள்ளம். குனிந்து பார்த்தால் கூழாங்கல் மேல் கண்ணாடி போல நகரும் நீர், கைக்குட்டை அகலம்கூட இல்லை. ஓரத்தில் பச்சைக் கீரை மாதிரி நீர்ச்செடி. கோடையில் விரலை விட்டால் குளிர்ந்து சுரீர் என்கிறது.

ஊரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு இந்த ஸ்டவர் பக்கம்தான் போகிறது. கேன்டர்பரிக்குக் கீழே ஸ்டோட்மார்ஷ் என்று ஒரு நாணல் சதுப்பு நிலம் இருக்கிறது. உலக அளவில் பாதுகாக்கப்பட்ட ஈரநிலம், பறவைகளின் இடம். அங்கே நைட்ரஜனும் பாஸ்பரசும் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டன. பாசி படர்ந்து நீர் கெடுகிறது. 2020இல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு ஆலோசகரான நேச்சுரல் இங்கிலாந்து அமைப்பு ஒரு அறிவுரை கொடுத்தது: இந்த நீர்ப்பிடிப்பில் கட்டும் புது வீடுகள் கூடுதலாக ஒரு சொட்டு மாசும் சேர்க்காது என்று காட்டிய பிறகே அனுமதி தர வேண்டும். அதோடு லென்ஹமில் பல திட்டங்கள் நின்றன. எங்கோ கீழே இருக்கும் நாணலுக்காக இங்கே வீடு நிற்பதா என்று சதுக்கத்தில் சலித்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆற்றின் தலைமாட்டில் குடியிருப்பவர்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் ஒரு கடமை உண்டு. காவிரியைப் பற்றிப் பேசிப் பேசியே வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, ஹீத்லேண்ட்ஸுக்கு வருவோம். கவுன்சிலும் அரசின் வீட்டுவசதி அமைப்பான ஹோம்ஸ் இங்கிலாந்தும் சேர்ந்து முன்னெடுத்த திட்டம் அது. ஊருக்குத் தென்கிழக்கே லென்ஹம் ஹீத் பக்கம், ஏ20 சாலைக்கும் மோட்டார்வேக்கும் நடுவில். பள்ளிகள், கடைகள், ஈரநிலங்கள், புது ரயில் நிலையம் எல்லாம் திட்டத்தில் இருக்கின்றன. காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. என் பயம் காகிதத்துக்கும் மண்ணுக்கும் இடையில் போகும் வருடங்களைப் பற்றியது. ஐயாயிரம் வீடு ஒரே நாளில் வராது, பல பத்தாண்டுகள் ஆகும். முதலில் வரும் சில நூறு குடும்பங்களுக்கு ரயில் நிலையம் இருக்காது, மருத்துவர் இருக்க மாட்டார். அவர்கள் எங்கள் மருத்துவமனைக்குத்தான் காலை எட்டு மணிக்குப் போன் போட்டு வரிசையில் காத்திருப்பார்கள். இன்றைக்கே அந்த வரிசையில் என் எண் பெரும்பாலும் இரண்டு இலக்கத்தில்தான் இருக்கிறது.

சதுக்கத்துக்கு அவர்கள் எப்படி வருவார்கள்? ஹீத்தில் இருந்து வரும் பாதைகள் இரண்டு பக்கமும் உயர்ந்த வேலிச்செடி அடைத்த ஒற்றைச் சந்துகள். எதிரே கார் வந்தால் ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். நடைபாதை இல்லை, விளக்கில்லை. பகலில் நடந்து பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நடக்க முடிந்தது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு யாரும் அந்த வழியில் வர மாட்டார்கள். காரை எடுப்பார்கள். காரை எடுத்த பிறகு, நிறுத்த இடமில்லாத லென்ஹம் சதுக்கத்துக்கு ஏன் வர வேண்டும்? ஆஷ்ஃபோர்டின் பெரிய கடைக்கே போய்விடலாம். மோட்டார்வே போல, பாரிஸ் ரயில் போல, அவர்களும் எங்களைக் கடந்து போவார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றும் இல்லை.

சாலை எவ்வளவு தாங்கும் என்பது எங்களுக்கு அனுபவத்தில் தெரியும். டோவரில் படகுப் போக்குவரத்து தடைப்பட்டால் லாரிகளை எம்20இல் 8க்கும் 9க்கும் நடுவே வரிசையில் நிறுத்துவார்கள். முன்பு ஆபரேஷன் ஸ்டாக் என்றார்கள், இப்போது ஆபரேஷன் பிராக். 2015 கோடையில் நடந்ததைக் கென்டில் யாரும் மறக்கவில்லை. அந்த மாதிரி நாட்களில் மோட்டார்வேயை நம்ப முடியாதவர்கள் எல்லோரும் ஏ20க்கு வந்துவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவரப் போன பெற்றோர் நடு வழியில் காத்துக் கிடப்பார்கள். அந்தச் சாலையில்தான் புது ஊரின் வாசலும் திறக்கப் போகிறது.

வீடு வேண்டாமா என்று கேட்டால், வேண்டும். அரசு ஐந்தாண்டுகளில் பதினைந்து லட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்திருக்கிறது, 2024 டிசம்பரில் கவுன்சில்களுக்கான இலக்கை மறுபடி கட்டாயமாக்கியும் விட்டது. அதன் பின்னால் இருக்கும் தேவை உண்மை. டீக்கடையில் வேலை செய்யும் பெண் இந்த ஊர்ப் பள்ளியில் படித்தவர். இன்னும் பெற்றோர் வீட்டின் பின்னறையில்தான் தன் குழந்தையோடு இருக்கிறார். "இங்கேயே ஒரு சின்ன வீடு கிடைச்சா போதும்" என்று கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவரிடம் போய்ப் பழைய ஓக் தூண்களின் அழகைப் பேசி என்ன பயன்? ஊரில் பிறந்தவர் ஊரில் வாழ முடியாவிட்டால் சந்தையும் சதுக்கமும் சுற்றுலாப் படத்துக்குத்தான் மிஞ்சும்.

அதனால்தான் எண்ணைப் பற்றிச் சண்டை போடுவதை நான் விட்டுவிட்டேன். ஆயிரமா ஐயாயிரமா என்பதை விட, ஒருவர் தன் வாசலிலிருந்து சந்தைக்கு நடந்து வர முடியுமா என்பதே எனக்கு அளவுகோல். ஊர்த் திட்டத்து வீடுகள் அதில் தேறுகின்றன. ஹீத்லேண்ட்ஸ் இன்று தேறவில்லை. அது தனக்கென்று நடந்து போகும் தூரத்தில் ஒரு சதுக்கம், ஒரு ரயில் நிலையம், ஒரு மருத்துவர் எல்லாம் வைத்துக்கொண்டு தனி ஊராக நிற்குமானால், பிராக்டன் கணக்குக்கு அது கொஞ்சம் பக்கத்தில் இருந்தாலும், எனக்கு மறுப்பு இல்லை. அவை கடைசிக் கட்டத்தில் வரும் என்றால் ஏற்க முடியாது.

பரோ கவுன்சிலுக்கு அனுப்பக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று கோரிக்கைகள்தான். ரயில் நிலையத்துக்கு உறுதியான தேதியும் பணமும் இல்லாமல் முதல் நூறு வீட்டுக்கு மேல் யாரும் குடிவரக் கூடாது. கழிவுநீர் நிலையத்தின் வேலை வீடுகளுக்கு முன்னால் முடிய வேண்டும், அதன் அளவீடுகளை மாதந்தோறும் வெளியிட வேண்டும். ஹீத்திலிருந்து சதுக்கம் வரை விளக்குப் போட்ட நடைபாதை ஒன்றை, முதல் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே, போட்டுத் தர வேண்டும். மூன்றாவதைப் படித்த பக்கத்து வீட்டு அம்மா, பாதைக்கு நடுவே உட்கார இரண்டு பெஞ்சும் கேட்கச் சொன்னார். அதையும் சேர்த்துவிட்டேன். அடுத்த பாரிஷ் கூட்டத்தில் வாசிக்கிறேன். லென்ஹமில் இருப்பவர்கள், ஹீத்தில் இருப்பவர்கள், சம்மதமானால் கையெழுத்துப் போடுங்கள்.